தூரமானிக் கமெராவும் தொலைநோக்கு வில்லையும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் ஒரு பிரியாவிடை விழா நிகழ்ந்தது. நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், பழைய மாணவர்கள் அணிவித்த மாலையோடு மேடையில் நின்று, வாய்விட்டுச் சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்ததை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்ற நான், என் அம்மான் எனக்கென விட்டுச்சென்ற லைக்கா கமெராவில், அந்த மாதமே கடன்பட்டு வாங்கிய 135 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, அக்கணத்தைப் படமாக்கினேன். படச்சுருள் கழுவி வந்தபோது, மேடையின் பின்திரையில் ஒட்டியிருந்த எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஆசிரியரின் முகமோ மங்கியிருந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். நல்ல படம் ஒன்று வேண்டுமென அவர்தம் துணைவியார் கேட்டனுப்பியபோது, கொடுப்பதற்கு அந்த மங்கிய படத்தைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அன்று நேர்ந்த பிழை, வில்லையைத் தெரிவு செய்ததில் நேர்ந்த பிழை. அத்தகைய கமெரா வைத்திருப்போர், தூரத்துக் காட்சியை அருகே கொணரும் பாரங்குறைந்த வில்லையொன்றை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், தூரமானிக் கமெரா என்றால் என்ன? படம் பிடிக்கும் வில்லையின் வழியாக நாம் காட்சியைப் பார்ப்பதில்லை. கமெராவின் மூலையிலுள்ள ஒரு சிறு சாளரத்தின் வழியாகவே பார்க்கிறோம். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு சாளரம் உண்டு. இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் காட்சியின் நடுவில் ஒன்றன்மீதொன்று விழும். வில்லையின் வளையத்தைத் திருப்ப, இரட்டையாகத் தெரிந்த உருவம் ஒன்றாக இணையும். இணைந்தவுடன் குவியம் சரி. நம் இரு கண்களும் தூரத்தை உணரும் முறைக்கு இது ஒப்பானது. நில அளவையாளர் முக்கோணங்கொண்டு தூரம் கணிக்கும் தத்துவமும் இதுவே. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் ஒஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைக்கா 1925ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. வில்லையோடு இணைந்தியங்கும் தூரமானி 1932இல் அதனுள் இடம்பெற்றது. 1954இல் வெளிவந்த எம் 3 என்னும் மாதிரி, இவ்வகைக் கமெராக்களுக்கு உரைகல்லாயிற்று.

இம்முறையில் ஓர் எல்லை உண்டு. முக்கோணத்தின் அடிப்பக்கம் சிறிதாயின் தூரத்தைக் கணிப்பதில் நுட்பம் குறையும். அவ்விரு சாளரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 69 மில்லிமீற்றர். அதனை நோக்கியின் உருப்பெருக்கத்தாற் பெருக்கினால் வருவதே பயன்தரும் அடிப்பக்கம். எம் 3 இன் உருப்பெருக்கம் 0.91, ஆகவே பயன்படு நீளம் 62 மில்லிமீற்றரை ஒட்டியது. பிற்கால மாதிரிகள் பலவற்றில் உருப்பெருக்கம் 0.72 மட்டுமே, அங்கு அது 50 மில்லிமீற்றராகக் குறைகிறது. என் கமெரா இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மறுபுறம், வில்லையின் குவியத் தூரம் கூடக்கூடத் தெளிவின் ஆழம் சுருங்கும். துவார எண் 4 இல், ஐந்து மீற்றருக்கு அப்பால் நிற்பவரை 50 மில்லிமீற்றர் வில்லையாற் படமெடுத்தால், முன்னும் பின்னுமாக ஏறக்குறைய எட்டு அடி தெளிவாக விழும். 135 மில்லிமீற்றர் வில்லையில் அது ஓரடியளவே. தூரமானி மயிரிழை பிசகினாலும் முதலாவது வில்லை பொறுத்துக்கொள்ளும், இரண்டாவது பொறுக்காது. என் கமெராவின் தூரமானி நெடுநாள் சரிபார்க்கப்படாமையாற் சற்றே பிசகியிருந்தது. சாதாரண வில்லையில் ஆண்டுக்கணக்காக மறைந்திருந்த அக்குறையைத்தான் புதிய வில்லை காட்டிக்கொடுத்தது.

இன்னோர் இடையூறும் உண்டு. நோக்கியினுள் காட்சியின் எல்லையைக் காட்டும் சட்டம், 90 மில்லிமீற்றருக்கு, 50 மில்லிமீற்றர்ச் சட்டத்தின் பரப்பில் மூன்றிலொரு பங்கே. 135 மில்லிமீற்றருக்கோ அது ஏழிலொரு பங்கு. தபால்தலை அளவான அச்சட்டத்தினுள் ஒருவரின் புன்னகையை எங்ஙனம் கவனிப்பது? இக்காரணங்களாலேயே லைக்கா தூரமானியோடு இணைந்தியங்கும் வில்லைகள் 135 மில்லிமீற்றரோடு நின்றுவிட்டன. அதற்கு மேல் வேண்டியோர், 'விசோபிளெக்ஸ்' என்னும் ஆடிப்பெட்டியைக் கமெராவுக்கும் வில்லைக்கும் இடையிற் பூட்டினர். அதன் உற்பத்தி 1984இல் நின்றது.

இனி, 'சூம்' வில்லையைப் பற்றிப் பார்ப்போம். நின்ற இடத்தில் நின்றவாறே குவியத் தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம் என்பது யாரையும் கவரத்தக்க வசதியே. 35 மில்லிமீற்றர்ச் சுருள் கமெராவுக்கான முதலாவது சூம் வில்லையை வொய்க்லாந்தர் நிறுவனம் 1959இல் வெளியிட்டது. அது ஆடிக் கமெராவுக்கானது. தூரமானிக் கமெராவின் நோக்கி வில்லையினூடாகப் பார்ப்பதில்லை ஆகையால், சூம் மாறும்போது சட்டமும் உடன் மாற வேண்டும். அதற்கான பொறிமுறை எளிதன்று. 1998இல் லைக்கா வெளியிட்ட 'திரி எல்மார்' 28, 35, 50 என மூன்று படிகளில் மட்டும் நின்றது. கொன்ராக்ஸ் ஜீ 2 கமெராவுக்கென வந்த உண்மையான சூம் வில்லையும் 35 முதல் 70 வரையே சென்றது. ஆகவே, தூரமானியைக்கொண்டே இயக்கத்தக்க தொலைநோக்கு சூம் வில்லையைத் தேடிக் கடைகடையாய் அலைவது வீண்.

ஆயினும் 2012இல் ஒரு வாயில் திறந்தது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட எம் வகை டிஜிற்றல் கமெராவில், வில்லை காணும் காட்சியையே மின்நோக்கியிற் பார்க்கும் வசதி ஏற்பட்டது. அதன் பின்னர், ஆடிக் கமெராக்களுக்கெனச் செய்யப்பட்ட பழைய சூம் வில்லைகளை ஓர் இணைப்பு வளையத்தின் உதவியோடு இதிற் பயன்படுத்தலாம். ஆடிக்கு இடம்விட்டுச் செய்யப்பட்டமையால் அவ்வில்லைகள் கமெராவிலிருந்து சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும். நிக்கொன் வில்லைக்கு அவ்விடைவெளி ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். இணைப்பு வளையம் அவ்வளவு நீளமான வெற்றுக் குழாயே. அதனுள் கண்ணாடி எதுவுமில்லை. துவாரத்தை மாற்றும் வளையம் வில்லையிலேயே இருத்தல் அவசியம் என்பதை மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பாரம் குறுக்கிடுகிறது. குவியத் தூரத்தைத் துவார எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும். 90 மில்லிமீற்றர் வில்லைக்குத் துவார எண் 4 ஆயின் விட்டம் 22.5 மில்லிமீற்றர், 200 மில்லிமீற்றருக்கோ அது 50. விட்டம் இருமடங்குக்கு மேலாகிறது. ஒளி புகும் பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. அதற்கேற்பக் கண்ணாடியும் உலோகமும் பெருக, லைக்காவின் ஆர் வரிசையைச் சேர்ந்த 80–200 சூம் வில்லை ஒரு கிலோகிராமளவு நிறுக்கும். கமெராவின் உடலோ 600 அல்லது 700 கிராம்தான். வாலைவிடத் தலை கனத்த பட்டம் நேரே பறக்குமா? கையிற் பிடித்த கமெராவும் அப்படியே முன்புறம் சாயும்; கை நடுங்கும்; படம் கலங்கும்.

பாரங்குறைந்த சூம் வில்லை வேண்டுவோர் ஆசையை 150 மில்லிமீற்றரோடு நிறுத்திக்கொள்வது நன்று. நிக்கொன் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 75–150 வில்லை, துவார எண் 3.5 கொண்டது, 520 கிராம் அளவே நிறுப்பது. பழையதாகக் கிடைக்கும்போது அதன் வளையம் தளர்ந்து தானாக வழுகுகிறதா என்று பாருங்கள். இவ்வில்லைக்கு உரிய குறை அதுவே. தமது கமெராவில் மின்நோக்கி இல்லாதோர் இவற்றை நாடாதிருப்பதே நலம்.

சுருள் கமெரா வைத்திருப்போருக்கும், தூரமானியை விரும்புவோருக்கும் நான் கூறும் வழி வேறு. 90 மில்லிமீற்றர், துவார எண் 4 அல்லது 2.8 உடைய சிறிய வில்லையொன்றைத் தேடுங்கள். 1970களில் லைக்கா சி எல் கமெராவுக்கென வந்த 'எல்மார் சி' 270 கிராம் அளவினது. 2003இல் வந்த 'மக்ரோ எல்மார்' இன்னும் இலேசானது. உள்ளே மடக்கிவைக்கவும் தக்கது. 1998இல் வெளியான 135 மில்லிமீற்றர் 'அப்போ ரெலிற்' மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஓர் இறாத்தல் நிறுக்கும், விலையும் அதற்கேற்ப உயரும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பணப்பைக்கும் பொருந்தும், தோளுக்கும் பொருந்தும்.

எதனைத் தெரிந்தாலும் மூன்று சோதனைகளைச் செய்துபாருங்கள். ஒன்று: வில்லையைப் பூட்டிய கமெராவை, வழக்கமாக ஒரு விழா நடக்கும் நேரமளவுக்குக் கழுத்தில் மாட்டியிருங்கள். இரண்டு: ஒரு சாய்ந்த அளவுகோலை அல்லது வரிசையாக வைத்த புத்தகங்களைக் கிட்டத்திலும் எட்டத்திலும் படமெடுத்து, குறித்த புள்ளியில் தெளிவு விழுகிறதா எனப் பாருங்கள், விழாதாயின் தேர்ந்த தொழிலாளியிடம் தூரமானியைச் சரிசெய்வியுங்கள். மூன்று: குவியத் தூரத்துக்கு ஈடான வேகம் கிடைக்கிறதா என்று எண்ணுங்கள். 90 மில்லிமீற்றருக்கு ஒரு செக்கனில் 90இல் ஒரு பங்கு, 150க்கு 150இல் ஒரு பங்கு என்பது பொதுவிதி. மாலை நேர மண்டபத்தில் அவ்வேகம் கிட்டாதாயின், நீண்ட வில்லையால் என்ன பயன்?

நான் அந்த 135 மில்லிமீற்றர் வில்லையை விற்றுக் கடனை அடைத்தேன். தூரமானியைச் சரிசெய்வித்துக்கொண்டு, பழைய 90 மில்லிமீற்றர் வில்லையொன்றை வாங்கினேன். இப்போது விழாக்களில் நான் கடைசி வரிசையில் நிற்பதில்லை. மூன்றாம் வரிசைக்கு வந்துவிடுகிறேன். வில்லை எட்டாத தூரத்தைக் கால்கள் எட்டிவிடுகின்றன. அந்த மங்கிய படம் என் மேசைக் கண்ணாடியின் கீழே இருக்கிறது. சிரிப்பு மட்டும் அதில் ஒருவாறு தெரிகிறது. உங்கள் வீட்டிலும், ஊரிலும், சிரிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். வில்லையைத் தேடுவதிற் காலம் போக்காது, கையிலுள்ளதைச் சரிபார்த்துக்கொண்டு, அவர்கள் அருகே செல்லுங்கள்.