வானில் கைத்தொலைபேசி

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணயம் மாற்றிக்கொண்டு தமிழகம் புறப்படுவோர் பலர். விமானத்தில் அமர்ந்ததும், கைத்தொலைபேசியை ‘விமான நிலை’க்கு மாற்றுமாறு அறிவிப்பு வரும். மாற்றாவிடின் விமானமே வீழ்ந்துவிடும் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் மிகை.

அமெரிக்கா 1991இல் விதித்த தடைக்குக் காரணம் தரையில் இருந்தது. தெருவில் நிற்பவரின் கருவி அண்மையிலுள்ள சில கோபுரங்களையே எட்டும். உயரத்தில் பறக்கும் கருவியோ ஒரே வேளையில் பல கோபுரங்களை எட்டிப் பிறர் பேச்சுக்கு இடையூறு செய்யும். விமானியின் காதொலிக் கருவியில் இரைச்சல் எழுவதும் உண்டு. ஆயினும் 2008 முதல், உள்ளேயே சிறு தொடர்பு நிலையம் பொருத்திய சில விமானங்களில் பேசவும் இசைவளித்தனர்.

மெய்யான இடர் மின்கலத்தில் இருக்கிறது. நசுங்கிய லித்தியம் மின்கலம் தானே சூடேறித் தீப்பற்றும். கைத்தொலைபேசி இருக்கையின் இடுக்கில் விழுந்தால், இருக்கையை அசைக்காமல் பணியாளரை அழைத்தல் வேண்டும். 2025 ஜனவரி 28இல் தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானம் புறப்படுமுன் எரிந்தது. தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டில் இருந்த பவர் பேங்க் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். ஆதலின் அதனைக் கையருகே வைத்தல் நலம். சரக்கறைக்கு அனுப்பவே கூடாது. தனி இசைவின்றிக் கொண்டுசெல்லத்தக்க அளவு 100 வாட் மணி. மேலே 20,000 மில்லி ஆம்பியர் மணி என்றிருப்பின், 20ஐ 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட் மணி வரும். ஆறாம் வகுப்பு மாணவரும் போடத்தக்க கணக்கே.