பரண்மேல் கிடந்த நோட்டு

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி வீடுகளைச் சந்தித்துவந்த நாட்களில், ஒரு மாலை நூம்பலில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்து, பாத்திரங்களையும் பழைய புத்தகங்களையும் கூடத்தில் குவித்திருந்தார்கள். வீட்டை மந்திரித்து முடித்ததும் அந்த அம்மா பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். பிளஸ் டூ மாணவன் ஒருவனின் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. அதன் அட்டையில் அவருடைய மகனின் பெயர் இல்லை. மகனுடைய உயிர்த் தோழனின் பெயர் இருந்தது.

முந்திய ஆண்டு, செய்முறைத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது காணாமற்போன நோட்டு அது. இரு குடும்பங்களும் அதைத் தேடி அலைந்தன. கடைசியில் இவர் மகனே நண்பனின் அருகில் உட்கார்ந்து மூன்று இரவுகள் கண்விழித்து, புதிய நோட்டில் படங்கள் வரைந்து கொடுத்தான். எடுத்து ஒளித்தவனும் அவனே, எழுத உதவியவனும் அவனே.

“ஃபாதர், இவன் அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருக்கிறான். புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். பொறாமைப்பட அவன் என்ன இவனுக்கு எதிரியா?” என்று அத்தாய் கேட்டார்.

(பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிட ஒரு குருவுக்கு உரிமை இல்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். இது வீட்டுக் கூடத்தில் கேட்டது; அந்த அம்மாவின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

எதிரியின்மேல் நாம் பொறாமைப்படுவதில்லை என்பதே அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை. பொறாமை என்பது பிறனுடைய நன்மையைக் கண்டு உண்டாகும் துயரம் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். அத்துயரம் தூரத்தில் இருப்பவர்மேல் எழுவதில்லை, இடத்தாலும் காலத்தாலும் நிலையாலும் நம்மை ஒத்தவர்மேலேயே எழுகிறது என்றும் அவர் விளக்குகிறார். அரசனைக் கண்டு ஆண்டி பொறாமைப்படுவதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரனைக் கண்டுதான் நெஞ்சு எரிகிறது. குருமடத்தில் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அதன் பொருளை எனக்கு உணர்த்தியவை இரண்டு நாவல்கள்.

முதலாவது நம் ஊர்க்காரர் எழுதியது. நூம்பல் மக்கள் நாள்தோறும் பேருந்துக்கு நிற்கும் இதே பூந்தமல்லி நெடுஞ்சாலை, நகருக்குள் புரசைவாக்கத்தின் ஓரமாகச் சென்று சென்ட்ரலை அடைகிறது. அந்தப் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் 1906இல் பிறந்த ஆர். கே. நாராயண். அவருடைய முதல் நாவலாகிய ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935இல் இலண்டனில் வெளிவந்தது. அதைப் படித்து வியந்து, அச்சேற வழிசெய்தவர் கத்தோலிக்கராக மனம் மாறியிருந்த எழுத்தாளர் கிரகாம் கிரீன். 1980களில் தூர்தர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ தொடரைப் பார்த்தவர்களுக்குச் சுவாமியின் முகம் நினைவிருக்கும்.

அக்கதையில் ஆல்பர்ட் மிஷன் பள்ளியின் முதல் பாரத்தில் சோமு, சங்கர், பலசாலி மணி, ‘பட்டாணி’ என்று கேலிப்பெயர் பெற்ற குள்ளச் சிறுவன் சாமுவேல் ஆகியோர் சுவாமியின் தோழர்கள். போலீஸ் சூப்பரிண்டெண்டின் மகன் ராஜம், பூட்சும் டையுமாக, துரைமார் போன்ற ஆங்கிலத்தோடு வகுப்பில் வந்து அமர்கிறான். சுவாமி அவனிடம் மயங்கிப்போகிறான். உடனே பழைய நண்பர்கள் அவனுக்கு ‘ராஜத்தின் வால்’ என்று பெயர் சூட்டுகிறார்கள். ஒரே ஒரு சொல். அதற்குள் சுவாமிக்குப் பள்ளிக்கூடமே நரகமாகிவிடுகிறது. நேற்றுவரை சிரித்த வாய்கள் இன்று ஏன் பேசவில்லை என்பது அவனுக்கு விளங்கவில்லை. விட்டுப்போன தோழன்மேல் கொண்ட பிரியமே அங்கே கேலியாகப் புளித்துப்போயிருக்கிறது. பெரியவர்கள் இதைப் ‘பிள்ளைச் சண்டை’ என்று தள்ளிவிடுகிறோம். நாராயண் தள்ளவில்லை.

(அந்நாவலின் மறைக்கல்வி ஆசிரியர் எபனேசர், இந்துச் சிறுவர்கள் வணங்கும் தெய்வங்களை வகுப்பிலேயே இழித்துப் பேசுகிறார். நாராயண் தாமும் மிஷன் பள்ளியில் படித்தவர். அப்பக்கங்களை நாம் வெட்கத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.)

கதையின் முடிவில் முக்கியமான கிரிக்கெட் ஆட்டத்தின் நாளன்று சுவாமி ஊரில் இல்லை. பள்ளிக்கு அஞ்சி ஓடிப்போய்க் காட்டில் வழிதவறிவிட்டான். ராஜம் அவனை மன்னிக்கவே இல்லை. தந்தைக்கு மாற்றல் வர, ராஜம் இரயிலேறுகிறான். சுவாமி ஒரு கதைப் புத்தகத்தைப் பரிசாகக் கொண்டு நிலையத்துக்கு ஓடுகிறான். வண்டி நகர்ந்தபின், ராஜம் தனக்குக் கடிதம் எழுதுவானா என்று மணியிடம் கேட்கிறான். எழுதுவான் என்கிறான் மணி. ஆனால் அவன் முகத்தில் இருப்பது என்னவென்று முதன்முறையாகச் சுவாமியால் கண்டுகொள்ள முடியவில்லை. நண்பனின் முகத்தைப் படிக்க முடியாமற்போன அந்த நாளோடு ஒரு பிள்ளையின் குழந்தைப் பருவம் முடிகிறது.

மற்ற நாவல் இத்தனை மென்மையானதன்று. அமெரிக்க எழுத்தாளர் ஜான் நோல்ஸ் 1959இல் வெளியிட்ட ‘எ செப்பரேட் பீஸ்’. போர்க்காலமான 1942ஆம் ஆண்டு, நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விடுதிப் பள்ளி. படிப்பில் கெட்டிக்காரன் ஜீன். விளையாட்டில் நிகரற்றவன் அவன் நண்பன் ஃபினியஸ். தன் படிப்பைக் கெடுக்கவே நண்பன் தன்னை விளையாட்டுக்கு இழுக்கிறான் என்று ஜீன் தனக்குள் ஒரு கதை கட்டிக்கொள்கிறான். அப்படி எண்ணுவதில் அவனுக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது: இருவருமே பொறாமைக்காரர்கள் என்றால் இருவரும் சமம் அல்லவா? பின்னர் ஒரு கணத்தில், ஃபினியஸின் மனத்தில் பொறாமை என்பதே ஒருபோதும் இருந்ததில்லை என்பது தெரிந்துவிடுகிறது. தாங்க முடியாதது அதுதான். ஆற்றோரத்து மரக்கிளையில் இருவரும் நிற்கையில் ஜீனின் முழங்கால் வளைகிறது, கிளை அசைகிறது, ஃபினியஸ் விழுந்து காலொடிகிறான். அவனுடைய விளையாட்டு அன்றோடு முடிந்தது.

ஜீன் நண்பனின் வீடு தேடிச் சென்று உண்மையைச் சொல்கிறான். நண்பனோ நம்ப மறுக்கிறான். மாதங்கள் கழித்து, சக மாணவர்கள் விசாரணை நடத்தி அதே உண்மையை வெளியே இழுத்தபோது ஃபினியஸ் வெகுண்டு ஓடிப் படிகளில் விழுகிறான். அறுவைச் சிகிச்சையில் உயிர் போகிறது.

வேதாகமத்தில் இதற்கு நேர் எதிரான இளைஞன் ஒருவன் உண்டு. அரியணைக்கு உரியவன் யோனத்தான். மக்களோ தாவீதைப் பாடினார்கள். அவன் தந்தை சவுல் அன்றிலிருந்து தாவீதைக் கறுவிப் பார்த்தான். மகனோ தன் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான் (1 சாமுவேல் 18). பொறாமைப்பட எல்லா நியாயமும் இருந்தவன் அவன். நானோ குருமடத்தில் படித்த நாளில், தனிப்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நண்பனுக்குப் பெரிய வெள்ளியன்று தொண்டை கட்டியபோது மனத்திற்குள் மகிழ்ந்தவன். அவன் இன்றும் என் நண்பன். இதை அவனிடம் சொன்னதில்லை.

அந்த அம்மாவிடம் மறைக்காமல் ஒன்று கேட்டேன்: “அவன் எவ்வளவு, நீ எவ்வளவு என்று மதிப்பெண்ணை ஒப்பிட்டதுண்டா?” நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “தினமும், ஃபாதர்” என்றார். பாவம், அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் அழகிய அங்கி செய்து கொடுத்ததும் கெட்ட எண்ணத்தில் அன்று.

நோட்டைத் தாமே கொண்டுபோய் நண்பனின் தாயிடம் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்றேன். பிறர் வாயால் வெளிவந்தபோதுதானே ஃபினியஸ் படிகளில் விழுந்தான். நோட்டை மகனின் மேசைமேல் வைத்துவிடுங்கள், ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள், என்ன செய்வதென்று அவனே முடிவு செய்யட்டும் என்று சொல்லி விடைபெற்றேன். அது சரியான யோசனைதானா என்ற ஐயம் வழியெல்லாம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பூசைக்கு இரு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வழக்கமாக ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள். அன்று ஒருவன் பீடத்தின் அருகே, மற்றவன் கடைசி வரிசையில். பூசை முடிந்து நான் கதவருகே வந்து நின்றபோது, பீடத்தருகே இருந்தவன் தன் சைக்கிளை எடுக்காமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான், யாரோ வருவதற்காகக் காத்திருப்பவன் போல.