வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஏற்ற சங்கிலி ரம்பம்

2019 ஆம் ஆண்டு மே 3 ஆம் தேதி ஒடிசாவின் பூரிக்கு அருகில் கரை கடந்த ஃபானி புயலும், 2020 ஆம் ஆண்டு மே 20 ஆம் தேதி மேற்கு வங்கத்தைத் தாக்கிய ஆம்பன் புயலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தன. அத்தகைய வேளைகளில் அடைபட்ட சாலைகளைத் திறக்கப் பெரிதும் பயன்படும் கருவி, ‘செயின் சா’ என்று மக்கள் வழங்கும் சங்கிலி ரம்பமாகும். தோப்பும் தோட்டமும் உடையோர் பலர் இதனைச் சொந்தமாக வாங்க விழைகின்றனர். எதை வாங்கலாம் என்று அவர்கள் களப் பணியாளரையோ ஆசிரியரையோ கேட்பதும் உண்டு. அவர்களுக்குக் கூறவேண்டிய விடை இதுவே: மிகுந்த சக்தியுடைய ரம்பம் நம்பகமான ரம்பம் ஆகிவிடாது. பிரேக்கு தவறாமல் பிடிப்பதும், உடையவரே தீட்டிக்கொள்ளத் தக்கதும், உதிரிப் பாகங்கள் அருகில் கிடைப்பதுமே நம்பகமான ரம்பம்.

அமைப்பும் அளவும்

இக்கருவியில் நீண்ட உலோகத் தகடு ஒன்றைச் சுற்றிப் பற்கள் பொருந்திய சங்கிலி ஓடுகிறது. அத்தகட்டைக் கடைக்காரர்கள் ‘பார்’ என்பர். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் மரவெட்டியாயிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டுப்புழு ஒன்று தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் சீவிச் செல்வதை உற்று நோக்கினார். அதே முறையில் பற்களை அமைத்து 1947 இல் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

கிளை கழிப்பதற்கும் விறகு அறுப்பதற்கும் 12 முதல் 16 அங்குல பாரும், 30 முதல் 45 கன சென்டிமீட்டர் எஞ்சினும் போதுமானவை. அதற்கு மேற்பட்டவை கனமானவை. கை விரைவில் சோரும். சோர்ந்த கை விபத்துக்குக் காரணமாகலாம். சிறு கிளைகளை மட்டும் கழிப்போருக்குப் பாட்டரியால் இயங்கும் ரம்பம் உசிதமானது. அதில் புகையில்லை, ஓசையும் குறைவு.

உயிர்காக்கும் பிரேக்கு

சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. பாரின் முனையில் மேற்புறப் பகுதி மரத்தில் இடித்தால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் 2 மீட்டர் நீளச் சங்கிலி ஓடிவிடுகிறது. அதற்குள் மனிதனால் விலக இயலாது. ஆகவே பிரேக்கு இல்லாத ரம்பத்தை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

வாங்குமுன் கடையிலேயே இரு சோதனைகளைச் செய்துகாட்டுமாறு கேட்கவேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்கவேண்டும். வேகமாக ஓடும்போது முன்புறக் காப்பை முன்னோக்கித் தள்ளினால் சங்கிலி உடனே நின்றுவிடவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்த ரம்பத்தை ஏற்கவேண்டாம்.

பராமரிப்பு

பெட்ரோல் ரம்பங்களுள் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உடையவை. நல்ல எண்ணெயாயின், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் கலப்பது வழக்கம்; எனினும் கையேட்டில் கண்ட அளவையே பின்பற்றவேண்டும். எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். சங்கிலிக்குரிய எண்ணெய்க்குத் தனித்தொட்டி உண்டு, அதனையும் வற்றவிடலாகாது.

சங்கிலியின் கூர்மையை அது தள்ளும் தூளே அறிவிக்கும். செதில்களாக விழுந்தால் சங்கிலி கூராக உள்ளது. மாவுபோல் விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை அழுத்தி அறுப்பது ஆபத்து. ஆதலின் அச்சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரத்தையும் உடன் வாங்கி, தீட்டும் முறையைக் கடையிலேயே கற்றுக்கொள்ளுதல் நலம். பாரும் சங்கிலியும் பழுதானால் எங்கே கிடைக்கும் என்பதையும் பணம் கொடுக்குமுன்னரே கேட்டறியவேண்டும்.

எச்சரிக்கை

கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, கெட்டியான பூட்சு, வெட்டுத் தாங்கும் காலுறை ஆகியவற்றின் விலையை ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும். தோள் உயரத்துக்கு மேலும், ஏணிமீது நின்றும், தனியாக இருந்தும் அறுத்தல் கூடாது. புயலில் சாய்ந்த மரம் வளைந்த வில்லை ஒத்தது. அறுபட்டவுடன் துள்ளி எழும். மின்கம்பி சிக்கிய மரத்தை மின்துறையினர் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை நெருங்கலாகாது. நிற்கும் மரத்தை வெட்டப் பல மாநிலங்களில் அனுமதி தேவை என்பதும் நினைவிற்குரியது.

இவற்றை விளக்கியபின்னும் ஒருவருக்கு ஆண்டில் ஓரிரு நாள் வேலையே உண்டெனத் தெரிந்தால், வாங்கவேண்டாம் என்றும், பயிற்சி பெற்ற ஆளை அமர்த்திக்கொள்ளுமாறும் கூறுவதே நேர்மையான ஆலோசனையாகும்.