மூன்றாவது சுற்று

விடிவதற்கு முன்பே கள்ளக்குறிச்சி மைதானத்தில் பையன்கள் கூடிவிடுகிறார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று.

மூச்சு வாங்குவது முதல் சுற்றிலிருந்தே இருக்கும். ஆனால் "முடியலண்ணா" என்ற சொல் பெரும்பாலும் மூன்றாவது சுற்றில்தான் வரும். அதே பையன் கடைசி 200 மீட்டரில் பாய்ந்து ஓடுவான். கால் உண்மையிலேயே தீர்ந்துபோயிருந்தால் இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விதான் ஓட்ட அறிவியலையே திருப்பிப் போட்டது. 1920களில் நோபல் பரிசு பெற்ற ஆர்ச்சிபால்ட் ஹில், தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போவதுதான் களைப்பு என்றார். பல பத்தாண்டுகளுக்குப் பின், தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் இதை ஏற்கவில்லை. உடலுக்கு ஆபத்து வருமுன்பே மூளை கடிவாளத்தை இழுக்கிறது, முடிவுக்கோடு நெருங்கியதும் தளர்த்துகிறது என்றார். இத்தாலிய ஆய்வாளர் சாமுவேலே மார்க்கோரா அப்படியொரு மறைவான காவலாளியே தேவையில்லை என்கிறார். "எவ்வளவு சிரமமாக இருக்கிறது" என்று நாம் உணர்வதும், அதை எவ்வளவு தாங்கத் தயாராக இருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் நிற்பதா ஓடுவதா என்று முடிவு செய்கின்றன என்பது அவர் கட்சி. எனக்கு மார்க்கோரா சொல்வதே மைதானத்துக்குப் பொருந்துவதாகப் படுகிறது.

2009இல் அவர் குழு வெளியிட்ட சோதனை, இந்தப் பையன்களுக்காகவே செய்தது போலிருக்கும். 16 பேரை 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலை ஒன்றைச் செய்யவைத்து, பிறகு உடற்பயிற்சி சைக்கிளை இயலும்வரை மிதிக்கச் சொன்னார்கள். வேறொரு நாளில் அவ்வளவு நேரமும் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடி தாங்கியவர்கள், மூளை களைத்த நாளில் 640 நொடியில் நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் கெட்டுப்போகவில்லை. அதே மிதி அதிகச் சிரமமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

நம் பையன்கள் எழுத்துத் தேர்வுக்காக நள்ளிரவு வரை படிக்கிறார்கள். அதன்பின் செல்போன். நாலரைக்கு எழுந்து ஓட வந்து, நேரம் கூடிவிட்டால் "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று மனம் உடைந்துபோகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சிரமத்தின் அளவைப் பேச்சாலும் குறைக்கலாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 24 பேரில் ஒரு பாதியினர் தங்களுக்குப் பிடித்த ஊக்கச் சொற்களை இரண்டு வாரம் பழகினார்கள். அவர்கள் தாங்கிய நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. பழகாத மற்றவர்களிடம் மாற்றமில்லை. பரீட்சை நாளில் திடீரென்று சொல்லிப் பார்த்தால் போதாது. பயிற்சியிலேயே அந்தச் சொல் நாக்கில் ஊறியிருக்க வேண்டும்.

கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் இதை நானே சோதித்துக்கொண்டிருக்கிறேன். முழு ஏற்றத்தையும் நினைத்தால் கால் கட்டிக்கொள்ளும். அடுத்த வளைவை மட்டும் பார்ப்பேன். "அந்த வளைவு வரைக்கும் போடா" என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். வளைவு வந்ததும் அடுத்தது.

ஒன்றை மட்டும் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், மூட்டில் குத்தும் வலி வந்தால் உடனே நிற்க வேண்டும். பேசி அடக்கவேண்டிய சிரமம் அதுவல்ல.

போன வாரம் ஒரு தம்பி, முந்தின இரவு பத்து மணிக்கே புத்தகத்தை மூடிவிட்டு வந்திருந்தான். மூன்றாவது சுற்றில் என்னைக் கடக்கும்போது உதடு அசைந்தது. என்னடா முணுமுணுத்தாய் என்று பிறகு கேட்டேன்.

"கோட்ட மட்டும் பாருன்னு சொல்லிக்கிட்டேண்ணா" என்றான், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே.