எந்த சுவிட்ச் எந்த ரூமுக்கு?

செஞ்சியில் திண்டிவனம் சாலைப் பக்கமோ திருவண்ணாமலை சாலைப் பக்கமோ, முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருக்கும் பழைய கட்டடத்தில் நீங்கள் குடியிருக்கலாம். தாத்தா காலத்து ஒயரிங். மாடி கட்டினப்போ கொஞ்சம் சேர்த்தார்கள், ஏசி வாங்கினப்போ இன்னும் கொஞ்சம். இப்போ ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் "எதை ஆஃப் பண்ணணும்?" என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். தப்பான சுவிட்சை இறக்கிவிட்டு அவர் ஏணியில் ஏறினால், போவது ஓர் உயிர்.

இதற்கென்றே 'சர்க்யூட் டிரேஸர்' என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு துண்டு. ஒன்றை பிளக் பாயிண்டில் செருகினால் அந்த ஒயரில் ஒரு சின்ன சிக்னலை அனுப்பும். இன்னொன்றை எம்.சி.பி. பாக்ஸ் மேல் மெதுவாக நகர்த்தினால், அந்த சிக்னல் வரும் எம்.சி.பி.க்கு நேரே 'பீப்' அடிக்கும்.

முதல் தடவை நாலைந்து எம்.சி.பி.யில் பீப் அடித்தால் பயப்படாதீங்க. பக்கத்து ஒயருக்கும் சிக்னல் கொஞ்சம் தாவும். பல மாடல்களில் முதல் சுற்று கருவி கற்றுக்கொள்வதற்கு. இரண்டாவது சுற்றில்தான் சரியான ஒன்றைக் காட்டும். அதை இறக்கிப் பாருங்க. பிளக்கில் செருகியிருக்கும் துண்டின் லைட் அணைந்தால் அதுதான். அப்புறமும் டெஸ்டர் வைத்துப் பார்க்கணும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் இருக்கும் வேறொரு பாயிண்டில் முதலில் பார்த்துக்கொள்ளணும்.

ஆன்லைனில் வாங்கும்போது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கா பாருங்க. 120 வோல்ட் அமெரிக்க மாடல் நம்ம ஊருக்கு ஆகாது. டெலிபோன், நெட்வொர்க் கேபிள் தேடும் மலிவான டோன் கருவியை கரண்ட் ஓடும் ஒயரில் மாட்டவே கூடாது. ஒயரைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லும் மொபைல் ஆப்களை நம்பி சுவரில் துளை போடாதீங்க. அவை போனில் இருக்கும் காந்த சென்சாரை வைத்து ஊகிக்கிறவை.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில்தான் பெரிய ஆபத்து. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். எந்தெந்த பாயிண்ட் அதில் வருகிறது என்று தனியாகக் குறித்து வையுங்க.

கடையும் வீடும் சேர்ந்திருந்தால் இன்னொரு விஷயம். கடை பிளக்கில் செருகிய டிரேஸருக்கு வீட்டு பாக்ஸில் பீப் வந்தால், கடைக்கு வீட்டு இணைப்பில் கரண்ட் ஓடுகிறது. நீங்கள் தெரிந்து செய்யாவிட்டாலும், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் இது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். ஆள் வந்து பார்ப்பதற்கு முன் லைனைப் பிரித்துவிடுங்க. கடைக்குத் தனி இணைப்பு இல்லையென்றால் மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பாக்ஸைக் கழற்றுவது, லைன் பிரிப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒயர்மேன் வேலை. மீட்டர் சீலில் கை வைக்காதீங்க. மீட்டரிலோ கம்பத்திலோ கோளாறு என்றால் மின்னகம் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

எம்.சி.பி. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியதும் போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வையுங்க. அடுத்த தடவை எலக்ட்ரீஷியன் வரும்போது நீங்கள் ஊரில் இல்லாமல் போகலாம்.