அளவு சொல்லும் தொலைவு

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூலின் நுனி, துளைக்கு முன்னோ பின்னோ விலகிச் செல்லும். இரு கண்களையும் திறந்ததும் வேலை எளிதாகிவிடும். இதன் காரணம் என்ன?

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது. ஆதலால் ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு பிம்பங்களின் வேற்றுமையைக் கொண்டு மூளை ஆழத்தைக் கணிக்கிறது. ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்ணாடிகளைப் பொருத்திய ஒரு கருவியின் மூலம் இவ்வுண்மையை 1838-ஆம் ஆண்டில் விளக்கினார்.

எனினும், இவ்வாற்றல் அருகிலுள்ள பொருள்களிடத்தேதான் சிறந்து விளங்கும். தொலைவு இரு மடங்கானால் அவ்வேற்றுமை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்போது மூளை வேறு சான்றுகளையும் நாடுகிறது. அவற்றுள் ஒன்று பொருளின் அளவு. பெரிதாகத் தெரிவது அருகில் உள்ளது, சிறிதாகத் தெரிவது தொலைவில் உள்ளது என்பதே அதன் கணக்கு.

அளவும் தொலைவும் இவ்வாறு பின்னிப் பிணைந்திருப்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கண்ணில் விழும் கோணம் மட்டுமே பொருளின் அளவை உணர்த்திவிடாது. தொலைவையும் சேர்த்தே உள்ளம் முடிவு செய்கிறது என்று தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் விளக்கியுள்ளார்.

இக்கணக்கு சில வேளைகளில் பொய்த்துப் போவதுண்டு. தொலைவில் வரும் பெரிய பொருள், அருகில் வரும் சிறிய பொருளை முந்திக்கொண்டு நம்மை வந்தடையும் என மனிதர் கருதிவிடுவதை, உளவியல் ஆய்வாளர் பேட்ரிசியா டிலூசியா 1991-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

சாலையில் இப்பிழை உயிரையே பறிக்கக்கூடும். லாரியைக் கண்டு நிற்பவர், மோட்டார் சைக்கிளைக் கண்டால் ‘இன்னும் தூரத்தில்தானே வருகிறது’ என்று கடக்கத் துணிகிறார். இரவிலோ ஒற்றை விளக்கு மட்டுமே தெரிவதால், வண்டியின் அகலத்தைக் கொண்டு தொலைவை அளக்கவும் வழியில்லை. கண்களில் குறை ஏதும் இல்லாதவருக்கும் இவ்வாறு நேரலாம்.

ஆகவே பெற்றோரே, ‘சிறிய வண்டிதான், தூரத்தில் வருகிறது’ என்னும் எண்ணத்தை நம்பிச் சாலையில் இறங்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். வருவது பெரிதாயினும் சிறிதாயினும், அது கடந்து செல்லும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.