விபிஎன் மறிக்கும் மின்னஞ்சல்: கணக்கை அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

2018 மார்ச் 7ஆம் திகதி, கண்டிக்கு அருகே திகனவில் வெடித்த வன்முறையை அடுத்து இலங்கையில் அவசரகால நிலை நடைமுறையில் இருந்தபோது, பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் நான்கும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. கண்டியில் ஊரடங்குக்குள் இருந்தவர்கள், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த உறவுகளுக்கு நலமாக இருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்பவும் தவித்தார்கள். இணையத்தை வேறொரு சேவர் வழியாகச் சுற்றிப் பார்க்க வைக்கும் மென்பொருளான விபிஎன் என்ற சொல் பல வீடுகளுக்குள் வந்தது அந்த வாரத்தில்தான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் மறுபடி தடைப்பட்டன. அப்போதெல்லாம் மக்கள் தேடியதும் விபிஎன்னைத்தான்.

தடை நீங்கினாலும் மென்பொருள் கணினியிலேயே தங்கிவிடுகிறது. கணினியைப் போட்டதும் தானாக இயங்கத் தொடங்கிவிடும். அது இருப்பதே நமக்கு மறந்துபோகும். பிறகு ஒருநாள் அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ அஞ்சல் வராது. அல்லது வரும், அனுப்பியது மட்டும் அவுட்பொக்ஸிலேயே கிடக்கும். முன்பதிவு அஞ்சலை நம்பி நடக்கும் விடுதிக்கும், விலைப்பட்டியல் அனுப்பக் காத்திருக்கும் கடைக்கும் இது ஒரு நாள் வருமான இழப்பு. பதற்றத்தில் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள், கணக்கை அழித்துவிட்டு மறுபடி சேர்க்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டாவது, ஆபத்தும் கூட.

பிரவுசரில் வருகிறது, அவுட்லுக்கில் வரவில்லை – ஏன்?

ஜிமெயிலை குரோமில் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதே கணக்கு அவுட்லுக்கில் திறக்காது. ஒரே தபால் நிலையத்தில் பணம் கட்ட ஒரு கவுண்டர், பார்சலுக்கு வேறொரு கவுண்டர் இருப்பதுபோல, ஒரே சேவரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு போர்ட் எண் உண்டு. பிரவுசர் போவது 443. அஞ்சல் மென்பொருள் ஐமேப் முறையில் அஞ்சலை எடுக்கப் போவது 993. பொப் முறையில் 995. அனுப்புவதற்கு 465 அல்லது 587. பழைய அமைப்புகளில் 25.

443ஐ எந்த விபிஎன்னும் அடைக்காது. அடைத்தால் இணையமே பார்க்க முடியாது. ஆனால் குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் விபிஎன்னுக்குள் ஒளிந்துகொள்வதால், பெரும்பாலான விபிஎன் நிறுவனங்கள் 25ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. சில நிறுவனங்கள் 465, 587 இரண்டிலும் கை வைக்கின்றன. அஞ்சல் வருகிறது, போகவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கே இருக்கட்டும்.

இரண்டாவது காரணம், இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் ஐபி முகவரி. விபிஎன் போட்டால் நீங்கள் கண்டி கட்டுகஸ்தோட்டையில் இருந்தாலும், சேவருக்கு நெதர்லாந்திலோ சிங்கப்பூரிலோ இருப்பதாகவே தெரியும். காலையில் கண்டி, பத்து நிமிடத்தில் அம்ஸ்டர்டாம் என்றால் கூகுளும் மைக்ரோசொப்டும் திருட்டு என்று எண்ணி வாசலை மூடிவிடலாம். அத்துடன் அந்த ஒரே முகவரியை முகம் தெரியாத பலர் பங்கிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தால், அந்த முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறியிருக்கும். அப்போது நீங்கள் அனுப்பும் அஞ்சல் 550 அல்லது 554 என்று தொடங்கும் மறுப்புடன் திரும்பி வரலாம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

அவுட்லுக்கை மூடுங்கள். விபிஎன்னைத் துண்டியுங்கள். சாளரத்தை மூடினால் போதாது. திரையின் வலப்பக்க அடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் சின்னத்தில் வலது கிளிக் செய்து முழுவதுமாக வெளியேறுங்கள். பிறகு அவுட்லுக்கைத் திறந்து, அதன் அடிப்பட்டையைப் பாருங்கள். துண்டிக்கப்பட்டது என்ற செய்தி போய், இணைக்கப்பட்டது என்று வந்தால் காரணம் விபிஎன்தான்.

விபிஎன்னை நிறுத்தியதும் இணையமே போய்விட்டதா? அதில் கில் ஸ்விட்ச் இயங்குகிறது. விபிஎன் இல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று மறிக்கும் வசதி அது. விபிஎன்னின் அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிட்டு, கணினியை மறுபடி தொடக்குங்கள்.

விபிஎன் நின்ற பிறகும் அஞ்சல் வராவிட்டால், அவுட்லுக்கில் 'வேர்க் ஒஃப்லைன்' பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு வீட்டு ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கிறது. எதிலும் வராவிட்டால் கணக்கைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 16 முதல் மைக்ரோசொப்ட் தன் தனிநபர் அஞ்சல் கணக்குகளில், கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையை நிறுத்திவிட்டது. பழைய அவுட்லுக் பதிப்புகள் அதனாலும் நின்றுபோகும்; அதற்கு விபிஎன் பொறுப்பல்ல.

நிரந்தரத் தீர்வு

விபிஎன் எப்போதாவதுதான் தேவை என்றால், கணினியோடு தானாகத் தொடங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தினமும் தேவை என்றால் 'ஸ்பிளிட் டனலிங்' என்ற வசதியைத் தேடுங்கள். எந்த மென்பொருள் விபிஎன் வழியாகப் போக வேண்டும், எது நேராகப் போக வேண்டும் என்று அதில் பிரித்துவிடலாம். அவுட்லுக்கை நேராகப் போகும் பட்டியலில் சேர்த்தால் பிரச்சினை தீரும். அந்த வசதி இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே நாட்டின் ஒரே சேவரைத் தேர்ந்தெடுங்கள். நாடு மாறாமல் இருந்தால், சந்தேகத்தில் கணக்கு பூட்டப்படுவது குறையும்.

அனுப்பும் போர்ட் 25 என்று இருந்தால் 587க்கோ 465க்கோ மாற்றுங்கள். அஞ்சல் மென்பொருளிலிருந்து அஞ்சலை ஒப்படைக்கவென்றே 587 ஒதுக்கப்பட்டது 1998இல். தொடக்கம் முதலே மறைகுறியாக்கத்துடன் இணையும் 465ஐ 2018இல் இணையத் தர அமைப்பு பரிந்துரைத்தது. 25 சேவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு உரியது.

உங்கள் நிறுவனத் தலைமையகத்தின் அஞ்சல் சேவர் கொழும்பில் உள்வலையமைப்பில் இருந்தால் கதை நேர்மாறு. அலுவலக விபிஎன் போட்டால்தான் அஞ்சல் வரும். அதோடு சொந்த விபிஎன்னையும் போட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

செய்யவே கூடாதவை

பொப் முறையில் எடுத்த அஞ்சல்கள் பெரும்பாலும் சேவரில் இருக்காது. உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். அந்தக் கணக்கையும் அஞ்சல்கள் உள்ள கோப்பையும் அழித்தால், பல வருடக் கடிதங்கள் ஒரே நிமிடத்தில் போய்விடும். கணினியைக் கடைக்குக் கொடுக்கும்போதும், 'கணக்கை அழிக்காதீர்கள், முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள்' என்று எழுதியே கொடுங்கள்.

இணைக்க முடியவில்லை என்பதற்காக மறைகுறியாக்கத்தை அணைத்து 143, 110 போர்ட்களுக்கு மாறாதீர்கள். மறைகுறியாக்கம் இருக்கும்வரை இலவச விபிஎன் நடத்துபவரால் உங்கள் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. அணைத்தால் அது அவர் கைக்குப் போகலாம். விபிஎன் போட்டிருக்கும்போது சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தால் 'ஆம்' என்று அழுத்தாதீர்கள், விபிஎன்னைத் துண்டியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உள்நுழைவு என்று கூகுள் எச்சரித்தால் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்திருந்த விபிஎன் நாடுதான் அது என்றால், நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தினால் போதும். இல்லாவிட்டால் அது உண்மையான ஊடுருவலாக இருக்கலாம். விபிஎன்னை அணைத்துவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

விபிஎன்னை வெறுக்க வேண்டியதில்லை. வழி அடைபட்ட நாட்களில் அது கண்டி மக்களுக்கு உதவியிருக்கிறது, இனியும் தேவைப்படலாம். ஆகவே அதை எப்படிப் போடுவது என்பதோடு எப்படி முழுவதுமாக நிறுத்துவது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். அஞ்சல் வேலை செய்கிற நாளிலேயே உங்கள் சேவர் பெயர், போர்ட் எண்கள், கணக்கு ஐமேப்பா பொப்பா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அஞ்சல் நிற்கும் நாளில் பாதி வேலை அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.